கண்ணுக்குப் புலப்படாத வாயிலோன்

கண்ணகி பாண்டியன் வாயிலில் நின்றபொழுது, வாயிலோன் அரசனிடஞ் சென்று அறிவித்து, ஆணை பெற்ற பின்னரே அவளை உள்ளே விடுத்தான். இக்காலத்துக் கைத்தொலைபேசிக் கோபுரத்திலும் ஒரு வாயிலோன் உளன். அவன் எவரையுங் கேட்பதில்லை. முன்னரே எழுதிவைத்த விதிப்படி இமைப்பொழுதில் முடிவு செய்கின்றான். அவ்விதியை நம் மாணவர் அறிதல் நன்றெனக் கருதியே இதனை எழுதுகின்றேன்.

கோபுரமொன்று தாங்கும் இணைப்புகளுக்கு ஓர் எல்லை உண்டு. வருவன அனைத்தையும் ஏற்பின் உள்ளிருப்போர் பேச்சுஞ் சிதையும். இத்தனை வழிகள் இருப்பின் அழைப்புகளில் எத்தனை பங்கு மறுக்கப்படும் எனக் கணிக்குஞ் சூத்திரத்தைக் கொப்பன்கேகன் தொலைபேசிக் கம்பனியிற் பணியாற்றிய ஏர்லாங் என்னுங் கணித அறிஞர் 1917 இல் வெளியிட்டார். கம்பித் தொலைபேசிக்கென எழுந்த அக்கணக்கே இத்துறைக்கு அரிச்சுவடியாயிற்று.

நான்காந் தலைமுறை வலையமைப்பில் இணைப்புகளுக்கு 1 முதல் 15 வரை முதன்மை எண் உண்டு. 1 மிக உயர்ந்தது. இடமில்லாவிடத்து, விதி அனுமதிப்பின், உயர்ந்தது தாழ்ந்ததை வெளியேற்றித் தான் புகலாம். பேசிக்கொண்டே பயணஞ் செய்வோர் அடுத்த கோபுரத்தின் எல்லையுட் புகுங்கால், புதிதாக வருவோரினும் அவர்க்கே முன்னிடம் அளித்தல் வழக்கம். தொடங்கிய பேச்சை இடையில் அறுத்தல், தொடங்குமுன் மறுத்தலினுங் கொடிதன்றோ? விருந்தினரை இலையிட்டபின் எழுப்புதல் தகுமா?

நிற்க. வாயிலுக்கு வெளியேயும் ஒரு தடை உண்டு. சிம் அட்டைகளில் வகுப்பெண் பதிந்துளது. பொதுமக்களுக்கு 0 முதல் 9 வரை. அவை குலுக்கல் போலப் பகிரப்பட்டவை. பாதுகாப்பு, அவசர சேவை முதலியவற்றுக்கு 11 முதல் 15 வரை. நெருக்கடியிற் பொது வகுப்புகளைத் தடுத்துச் சிறப்பு வகுப்பினர்க்கு மட்டும் வழிவிடலாம்.

2005 யூலை 7 ஆந் திகதி இலண்டனிற் குண்டுகள் வெடித்த அன்று இது நிகழ்ந்தது. மீட்புப் பணிகளை ஒருங்கிணைத்த மேலதிகாரிகள் அத்தகைய தடை வேண்டாவென முடிவு செய்திருந்தனர். ஆயினும் அந்நகரின் ஒரு பகுதிக்குரிய காவற்படை கேட்டுக்கொண்டதன்படி, ஓல்கேட் நிலையத்தைச் சூழ ஒரு கிலோமீற்றர் எல்லையில், ஓ-2 வலையமைப்பு நண்பகல் தொடங்கிப் பல மணிநேரம் பொதுமக்களுக்கு அடைக்கப்பட்டது. இலட்சக்கணக்கான அழைப்புகள் வீணாயின என 2006 இல் வெளிவந்த இலண்டன் பேரவை அறிக்கை கூறும். உயிர் தப்பினேன் என வீட்டார்க்குச் சொல்ல முயன்றோரின் அழைப்புகளும் அவற்றுள் இருந்திருக்குமன்றோ!

வாயிலோன் இயந்திரம், அவனுக்கு விருப்பு வெறுப்பில்லை. ஆனால் யாரை முன்னர் விடுவது என்பது அறத்தின்பாற்பட்ட வினா. அதனை வகுப்பவர் மனிதரே. தடையை இடுமாறு ஆணையிடுபவரும் மனிதரே. ஆதலின், ஆணையிடும் உரிமை யாருக்கு என்பதை அமைதி நிலவுங் காலத்திலேயே ஆராய்ந்து, யாவரும் அறிய உரைத்துவைத்தல் வேண்டும்.