பனியாறு அறுத்த வாய்க்கால்கள்

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடபால் கொள்ளிடம், தென்பால் காவிரி, இடையே திருவரங்கத் தீவு. ஆறு சுமந்து வந்து இட்ட வண்டலின் மேல்தான் என்னைப் போன்ற திருவரங்கத்தார் குடியிருக்கிறோம். ஓடும் நீர் நிலத்தை ஆக்கும் என்பதற்கு இத்தீவே சான்று. உறைந்த நீர் நிலத்தை எவ்வாறு அறுக்கும் என்பதைக் காண வேண்டுமாயின், தென் அமெரிக்காவின் தென்கோடிக்குச் செல்ல வேண்டும். மாணவ நண்பர்களை அங்கே ஒரு சிறு கப்பலில் அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

சிலி நாட்டின் பூந்தா அரீனாஸ் துறைமுகம் 53ஆம் தெற்கு அட்சரேகையை ஒட்டி உள்ளது. அங்கே புறப்பட்டு, 55ஆம் பாகையை அடுத்துள்ள அர்ஜென்டினாவின் உசுவாயாவை அடைவது நம் பயணம். வழியில் முதலில் வருவது மகெல்லன் ஜலசந்தி. 1520 அக்டோபர் 21ஆம் நாள் அதன் வாயிலைக் கண்ட மகெல்லன், நவம்பர் 28ஆம் நாள்தான் மறுபுறத்துக் கடலை எட்டினார். கரையில் எரிந்த தீக்களைக் கண்டதால் தெற்கிலிருந்த நிலம் 'நெருப்பு நாடு' என்று பெயர் பெற்றது.

இவ்வாய்க்கால்கள் தோன்றிய விதம் வியப்புக்குரியது. மலைமீது ஆண்டுதோறும் விழும் பனி, தன் பாரத்தாலேயே இறுகிக் கட்டியாகிறது. பின் மெல்ல நகரத் தொடங்குகிறது. அதுவே பனியாறு. அடியிற் சிக்கிய கற்கள் அரம்போல் பாறையைத் தேய்க்கின்றன. மலையாறு வெட்டும் பள்ளத்தாக்கு ஆப்பு வடிவில் ஒடுங்கியிருக்கும். பனியாறு குடைந்ததோ தொட்டிபோல் அடி அகன்று, பக்கங்கள் செங்குத்தாக நிற்கும். பனி பின்வாங்கியதும் கடல் உட்புகுந்து அத்தொட்டிகளை நிரப்பியது. அவையே இன்றைய வாய்க்கால்கள்.

வளைவும் குறுகலும் மிகுந்த இவ்வழிகளில் பெருங்கப்பல் நுழைய இயலாத இடங்கள் பல. ஆகவேதான் சிறு கப்பல். கரையிறங்க அதைவிடச் சிறிய படகுகள். பனியாற்றின் முகப்பு நீல நிறமாகத் தோன்றும். இறுகிய பனிக்கட்டி செந்நிற ஒளியை உட்கொண்டு, நீலத்தை வெளிவிடுவதே காரணம். அம்முகப்பிலிருந்து பெருந்துண்டுகள் இடியோசையுடன் கடலில் விழும். 1833 ஜனவரி 29ஆம் நாள் பீகிள் வாய்க்காலில் டார்வினும் தோழர்களும் கரையில் இருந்தபோது அவ்வாறே ஒரு துண்டு விழுந்து பேரலை எழுந்தது. ஓடிச்சென்று படகுகளைக் காத்தனர். இன்றேல் கப்பலுக்கு வெகுதொலைவில், உணவின்றி அவர்கள் சிக்கியிருப்பர். இன்றும் படகோட்டிகள் முகப்பை விட்டு விலகியே நிற்கின்றனர்.

நமக்கும் பனியாற்றுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். 1856இல் ஒரிசாவின் தால்சேரில் ஆராய்ந்த பிளான்போர்டு சகோதரர்கள், அங்குள்ள கற்குவியல் பனியால் கொணரப்பட்டதெனக் கருதினர். அவர்களுள் ஹென்றி பின்னர் நம் திருச்சி மாவட்டத்துப் பாறைகளையும் ஆராய்ந்தார். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் தென் அமெரிக்காவும் கோண்டுவானா என்னும் ஒரே பெருநிலத்தின் பகுதிகள். அதன்மேல் பனி படர்ந்திருந்தது.

தென்கோடியின் பனியாறுகளிற் பெரும்பாலானவை இப்போது சுருங்கி வருகின்றன. புவி வெப்பமடைவதே தலையாய காரணம். அவற்றுக்கு முன்பே சுருங்கிப்போனது அங்கு வாழ்ந்த யாகன் மக்களின் வாழ்வு. மரப்பட்டை ஓடங்களில், நடுவே தீ வளர்த்தபடி, இவ்வாய்க்கால்களில் திரிந்தவர்கள் அவர்கள். வெளியார் கொண்டுவந்த நோய்கள் அவர்களை மாய்த்தன. தாமஸ் பிரிட்ஜஸ் தொகுத்த அகராதியில் அவர்கள் மொழியின் சொற்கள் ஏறத்தாழ 32,000 உள்ளன. அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மூதாட்டி கிறிஸ்டினா கால்டெரோன் 2022இல் தமது 93ஆம் வயதில் மறைந்தார். அந்நீரில் செல்லும் மாணவர் எவராயினும், பனியின் அழகோடு அம்மக்களின் பெயரையும் அறிந்து செல்லுதல் வேண்டும்.