செங்கல் வரிசையில் ஒரு குறும்பன்

பென்னாகரம் பக்கமிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். ஓர் அலுவலகத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே பழைய கம்ப்யூட்டர் அறையைக் காலி செய்தபோது கழித்துப் போட்ட சாமான்களில் ஒரு தீயணைப்பு சிலிண்டரும் இருந்ததாம். “பி.சி.எஃப்., 5 கிலோ என்று எழுதியிருக்கிறது ஐயா. உள்ளே இருக்கிற காற்றைத் திறந்துவிட்டுக் கொண்டுவந்தால்தான் எடுப்பேன் என்கிறார் காயலான் கடைக்காரர். மைதானத்தில் வைத்து அழுத்தி விட்டுவிடட்டுமா? விஷமா?”

திறந்த வெளியில் அவருக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனாலும் அழுத்த வேண்டாம் என்று அன்றைக்கே பதில் போட்டேன். உள்ளே இருப்பது காற்றல்ல, ஹேலான் 1211. அந்த எண்ணை டவுன் பஸ் நம்பர் மாதிரி நினைத்துவிடக் கூடாது, அதுவே சமையல் குறிப்பு. கார்பன் 1, ஃப்ளூரின் 2, குளோரின் 1, புரோமின் 1. இதன் அண்ணன் ஹேலான் 1301: கார்பன் 1, ஃப்ளூரின் 3, குளோரின் இல்லை, புரோமின் 1. கடைசியில் நிற்கிற அந்தப் புரோமின்தான் கதாநாயகன். வில்லனும் அவனே.

தீயை எப்படி அணைப்பது என்று தர்மபுரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் மலைச்சரிவில் தீப்பிடித்தால் பச்சைத் தழையை ஒடித்து அடிப்போம், அல்லது குறுக்கே சருகை வாரித் தீ தாண்டாதபடி பாதை வெட்டுவோம். தண்ணீர் சூட்டைத் தணிக்கும், மண் காற்றை மறைக்கும், வெட்டிய பாதை தீனியைப் பறிக்கும். ஹேலான் இந்த மூன்றில் எதையும் பெரிதாகச் செய்வதில்லை. நூறு பங்கு காற்றில் ஐந்து பங்கு ஹேலான் 1301 கலந்தாலே அறைக்குள் எரிகிற தீ அணைந்துவிடும். ஆக்சிஜன் அப்படியேதான் இருக்கும், உள்ளே இருக்கிற மனிதர் மூச்சு விடலாம். இதே வேலையைக் கரியமில வாயுவிடம் கொடுத்தால் நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேல் வேண்டும். தீயோடு ஆளும் அணைந்துவிடுவார்.

அப்படி என்னதான் செய்கிறது? நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீடு கட்டினார்கள். லாரி வந்து நின்றால், லாரியிலிருந்து சுவர் வரைக்கும் பத்துப் பேர் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுவார்கள். ஒரு கை வாங்கும், அடுத்த கைக்கு வீசும். அந்தத் தாளம் தப்பாமல் இருக்கும்வரை லோடு மளமளவென்று இறங்கும். என் சித்தப்பா பையன் ஒருநாள் வரிசைக்குள் புகுந்தான். வருகிற கல்லை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி கை நீட்டினான். மறுபடி வாங்கி, மறுபடி பக்கத்தில். ஐந்து நிமிடத்தில் வேலை படுத்துவிட்டது. மேஸ்திரி வந்து காதைத் திருகினார்.

தீயும் இப்படி ஒரு கைமாற்று வேலைதான். சூட்டில் உடைந்த ஹைட்ரஜன் அணுக்களும், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த துண்டுகளும் அடுத்த மூலக்கூறை உடைக்க, அது அதற்கடுத்ததை உடைக்க, சங்கிலியாக ஓடுகிறது. ஹேலான் சூட்டில் பிளந்து புரோமினை விடுகிறது. புரோமின் அந்தத் துண்டுகளை வாங்கி ஹைட்ரஜனாகவும் தண்ணீராகவும் ஓரம் கட்டிவிட்டு, தான் ஒரு சேதாரமும் இல்லாமல் மறுபடி வரிசையில் வந்து நிற்கிறது. சங்கிலி அறுகிறது, தீ அணைகிறது.

இதில் என்னைத் தூங்கவிடாமல் செய்த சங்கதி இனிமேல்தான். நாம் வீணாகத் திறந்துவிட்ட ஹேலான் மழையில் கரையாது, கீழ்க்காற்றில் எளிதில் சிதையாது. 1301 சராசரியாக அறுபது எழுபது வருடம் இருக்கும். மெல்ல மெல்ல ஓசோன் படலம் வரைக்கும் ஏறி, அங்கே புற ஊதாக் கதிர் பட்டுப் பிளந்து, அதே புரோமினை விடுகிறது. அதுவும் அதே வேலையைச் செய்கிறது: ஓசோனிடம் ஓர் ஆக்சிஜனை வாங்கி ஓரம் கட்டிவிட்டு, மறுபடி கை நீட்டுகிறது. குளோரினும் செய்கிற குறும்புதான் இது. ஆனால் குளோரின் அடிக்கடி வேறு சேர்மங்களுக்குள் சிக்கி ஓய்ந்து கிடக்கும். புரோமின் அப்படிச் சிக்குவது குறைவு. அணுவுக்கு அணு பார்த்தால் புரோமினின் நாசம் சுமார் 60 மடங்கு. எந்தக் குணத்துக்காகத் தீயணைப்பில் கொண்டாடினோமோ, அதே குணம்தான் அங்கே பாழ் செய்கிறது. அங்கே காதைத் திருக மேஸ்திரியும் இல்லை.

1987-இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கை ஹேலானையும் பட்டியலில் சேர்த்தது. பணக்கார நாடுகள் 1993 முடிவோடு உற்பத்தியை நிறுத்தின. இந்தியா 1992-இல் சேர்ந்தது. நமக்குக் கெடு 2010 ஜனவரி 1, அதையும் காப்பாற்றினோம். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் செய்வதை நிறுத்துவது ஒன்று, செய்து வைத்ததைச் சேர்த்து வைப்பது வேறு. பாதி வேலை அந்த இரண்டாவதில் இருக்கிறது.

ஏனென்றால் இன்னமும் ஹேலான் இல்லாமல் முடியாத இடங்கள் உண்டு. தர்மபுரிக்கு மேலே பெங்களூரு நோக்கி இறங்குகிற பயணிகள் விமானத்தின் சரக்கு அறையில் இன்றைக்கும் 1301 இருக்க வாய்ப்பு மிக அதிகம். ராணுவ டாங்கிக்குள் தீப்பிடித்தால் வீரர்கள் உள்ளே இருக்கும்போதே கண் இமைப்பதற்குள் அணைத்தாக வேண்டும். அங்கேயும் காலகாலமாக இதுவே நம்பிக்கை. புதிதாகச் செய்யக் கூடாது என்றால் பழையதை மீட்டு, சுத்தம் செய்து, தேவைப்படுகிறவருக்குக் கொடுக்க வேண்டும். அதற்கென்றே தில்லியில், டி.ஆர்.டி.ஓ.வின் தீ, வெடிபொருள், சுற்றுச்சூழல் பாதுகாப்பு மையத்தில் தேசிய ஹேலான் வங்கி ஏற்படுத்தினார்கள். ரத்த வங்கி மாதிரி. ஆனால் ரத்த வங்கி தெரிந்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்காவது ஹேலான் வங்கி தெரியுமா? அலுவலகங்களில் சிலிண்டர் என்பது இருப்புப் பதிவேட்டில் ஒரு வரி, ஆணியில் ஒரு தொங்கல். வருடா வருடம் சீட்டு ஒட்டுவார்கள். கழித்துக் கட்டும்போது இரும்புக்கு விலை கேட்பார்கள், உள்ளே இருப்பதற்குக் கேட்க மாட்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. 1301 உலகத்தில் இப்போதும் தயாராகிக்கொண்டுதான் இருக்கிறது, தீயணைக்க அல்ல. நெல்லுக்கும் கரும்புக்கும் நாம் போடுகிற ஃபிப்ரோனில் பூச்சிமருந்துக்கு அது மூலப்பொருள். வேறு பொருளாக மாறிவிடுவதால் உடன்படிக்கை விட்டுக்கொடுத்திருக்கிறது. பாலக்கோட்டு உரக்கடையில் குருணை வாங்குகிறவருக்கு இந்த உறவுமுறை தெரிய நியாயமில்லை.

மாற்று என்று வந்ததில் பிரபலமானது எச்.எஃப்.சி. 227 ஈ.ஏ. புரோமின் இல்லை, ஓசோனுக்குத் தொந்தரவில்லை. ஆனால் கரியமில வாயுவைவிட மூவாயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். அதையும் குறைக்கச் சொல்லி 2016-இல் கிகாலி திருத்தம் வந்தது; 2021-இல் இந்தியாவும் ஏற்றது. நைட்ரஜன், ஆர்கான் வாயுக்களும் பனிபோல நீர்த்தூவலும் நல்ல வழிகள், இடமும் செலவும் கொஞ்சம் கூடுதல்.

வாசகருக்கு வருகிறேன். அழுத்தமானியைப் பார்க்கச் சொல்லியிருந்தேன். முள் சிவப்பில் கிடக்கிறது, காலியாகத்தான் இருக்கும் என்று போன் செய்தார். முள்ளை நம்ப வேண்டாம், அழுத்தத்துக்காக மேலே அடைத்த நைட்ரஜன் மட்டும் கசிந்திருக்கலாம், எடை போடுங்கள் என்றேன். புளி மண்டித் தராசில் ஏற்றியிருக்கிறார். சிலிண்டர் மேல் எழுதிய மொத்த எடைக்கு நூறு கிராம்தான் குறைவு.

இப்போது அது அவர் வீட்டுத் திண்ணையில் வெயில் படாமல் நிற்கிறது, ‘திறக்காதே’ என்று சாக்பீஸில் எழுதி. தில்லிக்கு எழுதச் சொல்லி அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறார். காயலான் கடைக்காரர் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுப் போனாராம்.