புதுப் பூனைக்கு ஒரு வாரம் பொறுங்கள்

பூனை கீறிய கையோடு எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருவோரிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பூனை வீட்டுக்கு வந்து எத்தனை நாள் ஆயிற்று?" இரண்டு நாள், மூன்று நாள் என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. பிள்ளைகள் ஆசையோடு தூக்கியிருப்பார்கள். மிரண்ட குட்டி நகத்தை நீட்டியிருக்கும். பொல்லாத பூனை என்று அதைப் பழிப்பதைவிட, அதன் அச்சத்தைப் புரிந்துகொள்வதே வீட்டாருக்கும் பூனைக்கும் நன்மை தரும்.

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் அந்த அச்சத்துக்குக் காரணங்கள் கூடுதலாகவே உள்ளன. எலியின் நுண்ணிய கீச்சொலியையும் பிடிக்கும் செவி பூனையுடையது. மனிதருக்குக் கேளாத ஒலியும் அதற்குக் கேட்கும். அத்தகைய செவிக்கு வேட்டுச் சத்தம் பேரிடியாகும். ஆகவே தீபாவளியை ஒட்டிய நாள்களிலும், அம்மன் கோயில் பொங்கல் நடைபெறும் வாரத்திலும் புதுப் பூனையைக் கொண்டுவருவதைத் தவிருங்கள்.

வந்த பூனைக்கு முதலில் ஓர் அறையோ, சந்தடியற்ற ஒரு மூலையோ போதும். ஒரு பக்கம் உணவும் நீரும், எதிர்ப்பக்கம் மணல் நிரப்பிய தட்டும், ஒளிந்துகொள்ளத் துணி விரித்த அட்டைப்பெட்டியும் வையுங்கள். பட்டாசு அடைத்திருந்த பெட்டி வேண்டாம். அதில் மருந்துத் தூள் ஒட்டியிருக்கலாம். ஒளிந்திருக்கும் பூனையை இழுக்காமல் அருகில் அமர்ந்திருந்தால், அது தானாகவே வந்து உரசும். சில பூனைகளுக்கு இரண்டு நாள் போதும். சிலவற்றுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். வீட்டில் முன்பே பூனை இருந்தால், ஒன்று படுத்த துணியை மற்றொன்றின் அருகில் வைத்து, வாசனை பழகிய பின்னரே இரண்டையும் நேரில் விடுங்கள்.

பட்டாசு ஆலையிலிருந்து திரும்புவோர் குளித்து, உடை மாற்றிய பிறகே பூனையைத் தொட வேண்டும். பூனை தன் உரோமத்தை நக்கியே தூய்மை செய்துகொள்ளும். அதில் படிந்த அலுமினியத் தூளும் கந்தகமும் அதன் வயிற்றுக்குள் சென்றுவிடும். வீட்டுக் குழந்தைகளின் பாதுகாப்புக்கும் இவ்வழக்கம் தேவை. மேலும், பூனை சோர்ந்திருக்கிறதே என்று உங்கள் மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள். அரைப் பாரசிட்டமால் மாத்திரைகூடப் பூனையின் உயிரைப் பறிக்கக்கூடும்.

இவ்வளவு கவனமாக இருந்தும் பூனை கடித்தாலோ கீறினாலோ, நாய்க்கடிக்குக் கொடுக்கும் அதே முக்கியத்துவத்தை அதற்கும் கொடுங்கள். ரேபிஸ் எனப்படும் வெறிநோய் பூனை வழியாகவும் பரவும். அறிகுறி தோன்றிய பின் உயிரைக் காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாத செயல். காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் தடவ வேண்டாம். பூனைக்கு என்ன ஆகிறது என்று காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். இரத்தம் கசிந்திருந்தால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிச் செலுத்தும் எதிர்ப்புப் புரத மருந்தும் தேவைப்படும்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பழைய பயத்தால் தயங்குவோரை இன்றும் காண்கிறோம். ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கப்பட்ட அம்மருந்து 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியாவில் கைவிடப்பட்டது. இப்போது கையில், தோலுக்குள் போடும் முறையில், முதல் நாளைப் பூச்சியமாகக் கொண்டு 3, 7, 28 ஆகிய நாள்களில் வந்தால் போதும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். பூனைக்கும் மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, கால்நடை மருத்துவர் கூறும்படி தொடர வேண்டும்.

கருவுற்ற பெண்கள் பூனையைத் துரத்திவிட வேண்டியதில்லை. கருவைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வெளிவரலாம். ஆனால் தொற்றும் நிலையை அடைய அதற்கு ஒரு நாளாவது ஆகும். எனவே மணல் தட்டை வேறொருவர் நாள்தோறும் தூய்மை செய்தால் ஆபத்து பெரிதும் குறையும். நன்கு வேகாத இறைச்சி, கழுவாத காய்கறி வழியாகவும் இவ்வொட்டுண்ணி வரும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆஸ்துமா உள்ளோர் பூனையை வாங்கும் முன் அது இருக்கும் வீட்டில் சில முறை நேரம் செலவிட்டு, இழைப்பு வருகிறதா என்று பாருங்கள். உரோமத்தைக் காட்டிலும் பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள புரதமே ஒவ்வாமையைத் தூண்டுகிறது. புற்றுநோய் மருந்து பெறுவோரும், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோரும், நீண்டகாலம் ஸ்டீராய்டு உட்கொள்வோரும் முதலில் தங்கள் மருத்துவரைக் கேளுங்கள். அவர்களுக்குக் கீறும் பழக்கமுள்ள குட்டியைவிட வளர்ந்த, சாதுவான பூனையே ஏற்றது.

அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது, வீட்டில் பூனை இருக்கிறது என்பதையும் எங்களிடம் சொல்லுங்கள். விட்டுவிடச் சொல்வோமோ என்று பலர் மறைக்கிறார்கள். அதைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளும் வழியைச் சொல்லவே நாங்கள் கேட்கிறோம்.