கடல் செய்த அத்துமீறல்

ஆங்கிலத்தில் 'டிரான்ஸ்கிரெஷன்' என்று ஒரு வார்த்தை உண்டு. அகராதியைப் புரட்டினால், சட்டத்தை மீறுதல், பாபம் செய்தல் என்று கடுமையாகவே பொருள் கூறும். ஆனால் அதன் பூர்வீகத்தை விசாரித்தால் அப்படிப் பொல்லாததாகத் தோன்றவில்லை. லத்தீன் பாஷையில் 'டிரான்ஸ்' என்றால் அப்பால்; 'கிராடி' என்றால் அடியெடுத்து வைத்தல். அவ்வளவுதான் விஷயம். பாபம் பின்னால் ஏறிய சுமை. நம்முடைய 'அத்துமீற'லும் இதைப் போன்றதே. அத்து என்றால் எல்லை.

'கிராடி'யின் வம்சத்தில் பிறந்த இன்னொரு வார்த்தையை நேயர்கள் நன்கு அறிவார்கள். 'காங்கிரஸ்' என்பதே அது. கூடி அடி வைத்தல் என்று பொருள். 1930-ல் ராஜாஜியுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து, உப்புச் சட்டத்தை மீறிய தொண்டர்கள் இரண்டு வார்த்தைகளையும் ஒரே யாத்திரையில் மெய்யாக்கினார்கள் அல்லவா?

இவ்வார்த்தையைக் குற்றம் கலவாத ஆதிப் பொருளில் வழங்குகிறவர்கள் பூகர்ப்ப சாஸ்திரிகள். கடல் கரையைத் தாண்டி நிலத்தின்மேல் ஏறுவதை அவர்கள் இப்பெயரால் குறிக்கிறார்கள். அதன் அடையாளத்தைக் காண அரியலூர், பெரம்பலூர் பக்கம் போனால் போதும். இன்று அரியலூருக்குக் கிழக்கே சுமார் 80 கிலோமீட்டர் சென்றால்தான் கடலைக் காணலாம். ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன், உலகெங்கும் கடல்மட்டம் உயர்ந்திருந்த காலத்தில், அலைகள் இந்த மானாவாரி நிலங்களின்மேல் புரண்டன. பலமுறை ஏறின, பலமுறை பின்வாங்கின. காரை கிராமத்தருகே புல் முளைக்காத மண்மேடுகளில் சிப்பிகளும், ஆட்டுக்கொம்புபோல் சுருண்ட அம்மோனைட்டுகளும் கல்லாகிக் கிடக்கின்றன. நம் பூஜையறைச் சாளக்கிராமமும் இந்த ஜாதிதான். சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று கல்லாய்ச் சமைந்திருக்கிறது. 1940-ல் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் அதைப் பற்றி அறிவித்தார்.

அக்கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக் கல்தான் இன்று சிமெண்டாகிறது. வீடு கட்டச் சிமெண்டு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் சுரங்கம் வெட்டும்போதுதான் உள்ளே அம்மோனைட் இருப்பது தெரிகிறது; யாரும் குனிந்து எடுக்காவிட்டால் அது நேரே அரைவை யந்திரத்துக்குப் போய்விடுகிறது. கடல் எதுவரை வந்தது, எப்போது திரும்பிற்று என்பதற்கு அந்த ஓடுகளும் அவை கிடந்த அடுக்குகளுமே சாட்சி. சாத்தனூர் மரத்துக்கு வேலி போட்டாயிற்று. வாரணவாசியில் ஒரு காட்சிசாலையும் இருக்கிறது. அடுத்த விடுமுறையில் குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். காரை மேட்டில் காணும் ஓடுகளை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.