பொபால்: பெயரின்றி உழைத்த முந்திரிகை

ஒருவன் உழைக்கிறான், மற்றொருவன் பெயர் பெறுகிறான். இது மனிதரிடையே மட்டும் நிகழ்வதன்று. செடி கொடிகளிடையேயும் நிகழ்வதுண்டு. ஸ்பெயின் தேசத்திலே பொபால் என்னும் கருமுந்திரிகை இதற்கு நல்ல சான்று.

வைன் அருந்தும் வழக்கம் நம்மவருட் பலருக்கு இல்லை, நமக்கும் இல்லை. ஆயினும், ஒரு பழம் இகழப்பட்ட வரலாறும், அது தலைநிமிர்ந்த வரலாறும் அருந்தாதவரும் அறியத்தக்கன.

மத்தியதரைக் கடலோரத்து வலன்சியா நகரிலிருந்து மேற்கு நோக்கிச் சென்றால் நிலம் படிப்படியாக உயரும். கடல் மட்டத்துக்கு மேல் 700 முதல் 900 மீற்றர் வரை உயர்ந்த அம்மேட்டு நிலத்தில் ஊத்தியேல், ரெக்கேனா என்னும் ஊர்கள் உள்ளன. அங்கே கோடையில் வெயில் கடுமை, பனிக்காலத்திற் குளிர் கடுமை, மழையோ குறைவு. ரெக்கேனாவை அடுத்த ஓரிடத்திலே பாறையிற் குடைந்த பழைய தொட்டிகள் காணப்படுகின்றன. 2,500 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு முந்திரிகைச் சாறு பிழிந்தனர் என்பதற்கு அவை சான்று. பொபால் என்ற பெயர், 15ஆம் நூற்றாண்டில் வலன்சியாவில் வாழ்ந்த மருத்துவரும் புலவருமான ஜௌமே ரோய்ச் என்பவரின் நூலிலே வருகின்றது. குலையின் வடிவு காளையின் தலையை ஒத்திருத்தலால் இப்பெயர் வந்தது என்பர்.

அந்நிலத்துக்கு மிக இயைந்த கொடி இது. வசந்தகாலத்தில் விழும் பனி மற்றைக் கொடிகளின் இளந்தளிரைக் கருக்கிவிடும். பொபால் காலந்தாழ்த்தித் தளிர்ப்பதால் அதற்குப் பெரும்பாலும் தப்பிவிடும். நீரின்மையைப் பொறுக்கும்; நிறையவும் காய்க்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வேரை உறிஞ்சிக் கொல்லும் பிலொக்ஸெரா என்னும் பூச்சி பிரான்ஸ் நாட்டு முந்திரிகைத் தோட்டங்களை அழித்தது. பிரெஞ்சு வணிகர் வைன் தேடி ஸ்பெயினுக்கு வந்தனர். ஊத்தியேலுக்கும் வலன்சியாவுக்குமிடையே இருப்புப்பாதையும் அமைந்தது. மேட்டு நிலமெங்கும் பொபால் பரந்தது.

ஆனால் வணிகர் வேண்டியது சுவையன்று; நிறமும் கனதியுமே. அதற்கென ஒரு முறை கைக்கொள்ளப்பட்டது. நசுக்கிய பழத்தைத் தொட்டியிலிட்டுச் சில மணி நேரத்திற் சாற்றை வடித்துவிடுவர். அது வெளிர்சிவப்பு வைனாகும். எஞ்சிய தோலின்மேல், புதிதாக நசுக்கிய பழத்தைச் சாறும் தோலுமாகப் பெய்வர். ஒரு பங்கு சாற்றுக்கு இரு பங்கு தோல்! சிவப்பு வைனுக்கு நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்தே வருவன. ஆகவே, விளைவது மையெனக் கறுத்த வைன். அது பிறவிடங்களுக்குச் சென்று, வெளிறிய வைன்களோடு கலந்து அவற்றுக்கு நிறமூட்டியது. புட்டியின்மேல் ஒட்டிய பெயர் வேறு. உள்ளே உழைத்தது பொபால்.

விவசாயிக்குக் கிடைத்த விலையோ நிறையையும் இனிப்பின் அளவையும் பொறுத்தது. ஆதலால் அவன் மிகுதியாக விளைவித்தான். மிகுதியாக விளைந்த பழத்திற் சாரம் குன்றியது. ஒரே குலையிற் சில கனிந்தும் சில புளித்தும் நிற்றல் பொபாலின் இயற்கைக் குறை. அதனைத் திருத்தும் பொறுமைக்கு எவரும் விலை கொடுக்கவில்லை. ஈற்றில், 'இது முரட்டுப் பழம்' என்ற தீர்ப்பே நிலைத்தது.

1986இல் ஸ்பெயின் ஐரோப்பிய சமூகத்திற் சேர்ந்தது. வைன் தேவைக்கு மிஞ்சியிருந்தமையால், கொடிகளை வேரோடு பிடுங்குவோர்க்கு உதவிப் பணம் வழங்கப்பட்டது. பொபாற் கொடிகள் பல வீழ்ந்தன. பாட்டன் நட்டதைப் பேரன் பிடுங்கினான். புகழ்பெற்ற வேறு வகைகளை நட்டவரும் உளர்.

எல்லாரும் பிடுங்கிவிடவில்லை. ஊத்தியேலிலே தோனி சர்ரியோன் முதலான சிலர் முதிய கொடிகளைக் காத்தனர். விளைச்சலைக் குறைத்தனர், கனிந்த குலைகளைத் தெரிந்து பறித்தனர், பொபாலை முதன்மையாகக் கொண்டே உயர்ந்த வைன் செய்தனர். அவருடைய எல் தெரெராசோ என்னும் தோட்டம் 2010இல் தனக்கெனத் தனிப்பெயர் உரிமை பெற்றது. கரிய காட்டுப்பழத்தின் மணமும், நாவைத் தெளிவிக்கும் புளிப்பும், கடுந்தேயிலை போன்ற துவர்ப்பும் இவ்வைனின் குணங்கள் என்பர் அறிந்தோர்.

இன்றும் பொபால் வைன்களுட் பெரும்பாலானவை மலிவானவை. பெயர் பரவாமையே அதற்கு முக்கிய காரணம். வாங்குவோனுக்கு இது நல்வாய்ப்பு, விளைவிப்போனுக்கோ இடர். முதிய கொடி சாரமுள்ள பழத்தைத் தரும்; ஆனால் குறைவாகவே தரும். விலையும் குறைவாயின் அவன் அதனை எங்ஙனம் காப்பான்? பிடுங்கிய இடத்தில் வேறொரு கொடியை நடலாம். போன 80 ஆண்டுகளை நட முடியாது.

ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் இவ்வரலாற்றை அறிந்தபோது சிறிது நாணினோம். 'இவன் உதவான்' என்று எத்தனை பிள்ளைகளைப் பின்வரிசையில் இருத்தினோம்! அவர்களிடம் நாம் கேட்டதுதான் யாது? பொபாலிடம் நிறத்தைக் கேட்டனர்; நிறத்தைத் தந்தது. சுவையைக் கேட்டபோது, அதனையும் தந்தது.