மூளையின் இழைகள்

மாணவர்களே, திருப்பூரில் பனியன் துணி பின்னப்படுவதைக் கண்டிருப்பீர்கள். அத்துணியில் கண்ணியோடு கண்ணி கோத்து நிற்கும். ஓர் இழை அறுந்தால் கண்ணிகள் வரிசையாக நழுவி, துளை ஏணிபோல் நீளும். ஆதலின் துணியின் தரம் அறிய விழைவோர் முதலில் நூலை ஆராய்வர். மூளையைக் கற்க விழைவோர்க்கும் இம்முறையே ஏற்றது. மூளைக்கு நூலாவது நரம்பணு என்னும் உயிரணு.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை பின்னல் துணிபோல் ஒரே வலையாகப் பிணைந்துள்ளனவா, அன்றித் தனித்தனி இழைகளா? 19-ஆம் நூற்றாண்டு அறிஞர் பலர் இவ்வினாவில் மயங்கினர். 1873-இல் இத்தாலி நாட்டுக் கோல்ஜி, வெள்ளி உப்பினால் நரம்பணுவைக் கறுக்கச் செய்யும் முறையைக் கண்டார். அம்முறையில் மிகச் சில அணுக்களே கறுக்கும். அக்குறையே பெருநன்மை ஆயிற்று. எல்லாம் கறுத்திருப்பின் மை கொட்டிய தாளன்றோ எஞ்சியிருக்கும்! ஸ்பெயின் நாட்டுக் கஹால் அம்முறையையே கையாண்டு, ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தது என்று 1888 முதல் காட்டலானார். 1906-இல் இருவரும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பரிசுப் பேருரையிலும் கோல்ஜி தம் வலைக் கொள்கையை விட்டாரல்லர்! 1950-களில் மின்னணு நுண்ணோக்கி கஹால் பக்கமே தீர்ப்பளித்தது. நரம்பணு இரண்டிற்கு இடையே, ஒரு மில்லிமீட்டரில் 50,000-இல் ஒரு பங்கு அளவேயான இடைவெளி காணப்பட்டது.

அவ்விடைவெளியைச் செய்தி கடப்பது எங்ஙனம்? மின்மாற்றமாக ஓடிவரும் செய்தி நுனியை அடைந்ததும், அங்குள்ள நுண்பைகள் வேதிப்பொருளைச் சொரிகின்றன. எதிர்க்கரையிலுள்ள புரதங்கள் அதனைப் பற்றுகின்றன. அப்புரதங்களை ஆக்கும் குறிப்போ, உட்கருவிலுள்ள டி.என்.ஏ.யில் அடங்கியுள்ளது. இவற்றை அறியாது நினைவையும் கனவையும் ஆராயப் புகுதல், எழுத்தும் அசையும் அறியாது யாப்புக் கற்கப் புகுதலை ஒக்கும்.

தையற்பொறியின் முன் அமர்ந்து பிழைக்கும் ஒருவர்க்குக் கை நடுங்கத் தொடங்கினால் அவர் வாழ்வு என்னாகும்? பார்க்கின்சன் நோயில் அத்தகைய நடுக்கம் தோன்றும். டோபமின் என்னும் வேதிப்பொருளை ஆக்கும் நடுமூளை அணுக்கள் அழிவதே அதன் காரணம். டோபமினையே மருந்தாகத் தந்தால், அது குருதியிலிருந்து மூளைக்குள் புகாது. ஆதலின் உள்ளே புகுந்து டோபமினாக மாறும் லெவோடோப்பாவை மருத்துவர் தருகின்றனர். நோயின் துன்பம் தணிகிறது. அணுக்களின் அழிவோ நிற்பதில்லை. அதனைத் தடுக்கும் வழியை ஆய்வாளர் இன்றும் தேடி வருகின்றனர்.

மூளையை அணு அணுவாகக் காணும் பணி நம் மாநிலத்திலும் நடைபெறுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், கருக்குழந்தையின் மூளைப் படத்தொகுதியை 'தரணி' என்னும் பெயரால் 2024-இல் வெளியிட்டது. மெல்லிய சீவல்கள் 5,132-ஐ உயிரணு புலப்படும் நுட்பத்துடன் படமாக்கியுள்ளனர். அப்படங்களை எவரும் கட்டணமின்றிக் காணலாம்.