வீட்டிலேயே சலவைச் சவர்க்காரம் செய்துகொள்ளும் முறை

குடியானவர் குடும்பங்களில் மாதந்தோறும் ரொக்கமாய்க் கைவிட்டுப் போகும் செலவுகளுள் சலவைச் சவர்க்காரச் செலவும் ஒன்றாகும். ஒவ்வொரு தடவையும் கொடுக்கும் தொகை சிறிதாகத் தோன்றினும், ஆண்டு முழுவதும் கூட்டிப் பார்ப்பின் அது அற்பமன்று. சேற்றிலும் புழுதியிலும் உழைப்பவர்களுக்கு, நிழலிலிருந்து வேலை செய்பவர்களைக் காட்டிலும் சவர்க்காரம் அதிகமாகவே வேண்டியிருக்கின்றது. அதே சமயத்தில், நம் வரப்புகளிலும் வாய்க்கால் கரைகளிலும் நிற்கும் புங்க மரங்களின் விதைகள் பொறுக்குவாரின்றி மண்ணோடு மட்கிப் போவதையும் காண்கின்றோம். இவ்விரண்டையும் ஒருங்கே நோக்கின், வீணாகும் விதையைக் கொண்டே செலவின் ஒரு பகுதியைக் குறைக்கலாமென்பது விளங்கும். அதற்குரிய முறையையும், அதிலுள்ள அபாயத்தையும் இங்கே விவரிப்போம்.

முற்கால வழக்கம்

சவர்க்காரக் கட்டிகள் கடைக்கு வருமுன்னர் நம்மவர் அழுக்குத் துணியோடு இருந்தாரல்லர். சலவைத் தொழிலாளர் உவர்மண்ணைக் கரைத்துத் துணியை நனைத்து, வெள்ளாவியில் வைத்து வெளுத்தனர். பயிருக்குப் பகையாகிய உவர் நிலத்தின் மேற்புறத்தில் பூக்கும் வெண்மையான உப்பில் சலவைச் சோடாவாகிய ஸோடியம் கார்பனேட் கலந்திருப்பதே இதற்குக் காரணம். பட்டுக்கும் கம்பளிக்கும் பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரைத்துப் பயன்படுத்தினர். பின்னர் 1914ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கத்தார் கோழிக்கோட்டில் ஒரு சவர்க்காரச் சாலை நிறுவினர். ஆதலின் இத்தொழில் நம் பக்கத்திற்குப் புதியதன்று.

சவர்க்காரம் என்பது யாது?

எண்ணெயும் காரமும் தக்க அளவிற் சேர்ந்து, இரண்டும் தம் தன்மை மாறி உண்டாகும் புதுப் பொருளே சவர்க்காரம். இதற்கு வேண்டிய காரம் காஸ்டிக் சோடா எனப்படும் எரிகாரம். நன்றாய் விளைந்த சவர்க்காரத்தில் எரிகாரம் எரிகாரமாக எஞ்சி நிற்பதில்லை. காரம் மிஞ்சினாலோ கையைப் புண்ணாக்கும். துணியின் இழையையும் கெடுக்கும். எண்ணெய் மிகவும் மிஞ்சினால் கட்டி இளகிப் பிசுபிசுத்துச் சிக்கு நாற்றம் அடிக்கும். எனவே இத்தொழிலின் சாமர்த்தியம் கிளறுவதில் இல்லை, நிறுப்பதிலேயே இருக்கின்றது.

ஒவ்வோர் எண்ணெயும் வெவ்வேறு அளவு காரத்தை ஏற்கும். ஒரு கிலோ எண்ணெய்க்கு, நூற்றுக்கு ஐந்து பங்கு காரத்தைப் பாதுகாப்புக்காகக் குறைத்துக்கொண்டு, சேர்க்க வேண்டிய எரிகாரத்தின் நிறை வருமாறு:

தேங்காய் எண்ணெய் – 174 கிராம்
இலுப்பை எண்ணெய் – 130 கிராம்
கடலை எண்ணெய் – 129 கிராம்
புங்கம் எண்ணெய் – 127 கிராம்
ஆமணக்கெண்ணெய் – 122 கிராம்

தேங்காய் எண்ணெய்க்குரிய காரத்தை அதே நிறையுள்ள புங்கம் எண்ணெயிற் சேர்த்துவிட்டால் 47 கிராம் அதிகமாகி விடுகின்றதென்பதைக் கவனிக்க.

தம்ளர் அளவு தந்த பாடம்

இவ்விடத்தில் எனது பிழையொன்றை மறையாது கூறுதல் கடமையெனக் கருதுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் இம்முறையைச் செய்து காட்டச் சென்றபோது, தராசை எடுத்துச் செல்ல மறந்துவிட்டேன். கூடியிருந்தவர்களை ஏமாற்றக் கூடாதென்று எண்ணி, அனுபவத்தால் அறிந்த தம்ளர்க் கணக்கில் அளந்து காட்டினேன். அன்று செய்த கட்டிகள் நன்றாகவே அமைந்தன. ஆனால் நான் கொண்டு சென்றது செதிள் வடிவான எரிகாரம். கூலி வேலை செய்து நான்கு பிள்ளைகளைக் காப்பாற்றி வந்த அம்மையார் ஒருவர், பின்னர் கடையில் வாங்கியதோ குருணை வடிவானது. குருணை நெருங்கி நிற்குமாதலின், அதே தம்ளரில் அதிக நிறை பிடித்துவிட்டது. அந்தச் சவர்க்காரத்தால் துவைத்த அவருடைய இரு கைகளிலும் தோல் உரிந்து புண்ணாயிற்று. அதுவோ நடவுக் காலம். புண்பட்ட கையைச் சேற்றில் வைக்க இயலாமல் பத்து நாட்கள் கூலியை இழந்தார். சவர்க்காரத்தில் மிச்சமாகுமென்று நான் சொன்ன தொகையைப்போல் பன்மடங்கு அப்பத்து நாட்களில் போயிற்று. அவர் என்னை ஒரு வார்த்தையும் குறை கூறவில்லை. எனினும் குற்றம் என்னுடையதே. அதுமுதல் தராசின்றி இம்முறையை நான் எங்கும் செய்து காட்டுவதில்லை. கிராம் கணக்குக் காட்டும் சிறு தராசு கிடையாதவர்கள் இதில் இறங்க வேண்டாமென்றும் சொல்லி வருகின்றேன்.

வேண்டிய பொருள்கள்

தேங்காய் எண்ணெய் 600 கிராம். புங்கம் எண்ணெய் 400 கிராம். எரிகாரம் 155 கிராம். மழைநீர் அல்லது உப்பில்லாத நல்ல நீர் 350 கிராம். எண்ணெயையும் நிறுத்தே எடுக்க வேண்டும். புங்கம் எண்ணெய் மட்டும் கொண்டு செய்தால் கட்டி மிருதுவாகவும் நுரை குறைவாகவும் இருக்கும். தேங்காய் எண்ணெய் கட்டிக்கு உறுதியும், உப்பு நீரிலும் நுரைக்கும் குணமும் தருகின்றது. பூசணம் பிடித்ததால் உணவுக்கு உதவாத கொப்பரையை ஆட்டி எடுத்த எண்ணெயும் இதற்குப் போதும். புங்கம் எண்ணெய்க்குப் பதிலாய், பலகாரம் சுட்டு மிஞ்சிய கடலை எண்ணெயைத் துணியில் வடிகட்டிச் சேர்க்கலாம். கார அளவில் வேற்றுமை மிகச் சிறிதே.

பாத்திரங்கள் எவர்சில்வராகவோ, பீங்கானாகவோ, சூடு தாங்கும் கனத்த பிளாஸ்டிக்காகவோ இருக்கலாம். அலுமினியமும் துத்தநாகம் பூசிய வாளியும் கூடவே கூடா. எரிகாரம் அவற்றை அரித்து, தீப்பற்றும் வாயுவை எழுப்பும். ரப்பர்க் கையுறையும் கண்ணாடியும் இன்றியமையாதன. இவ்வேலைக்கு எடுத்த பாத்திரத்தைச் சமையலுக்கு மீண்டும் எடுக்கலாகாது.

செய்முறை

குழந்தைகளையும் கால்நடைகளையும் அப்புறப்படுத்திவிட்டுக் காற்றோட்டமான திறந்த இடத்தில் வேலையைத் தொடங்குக. முதலில் நீரைப் பாத்திரத்தில் வார்த்து, அதன்மேல் எரிகாரத்தைச் சிறிது சிறிதாய்த் தூவிக் கலக்குக. எரிகாரத்தின்மேல் நீரை ஒருபோதும் ஊற்றலாகாது; ஊற்றினால் கொதித்துச் சிதறிக் கண்ணில் தெறிக்கும். கரையும்போது நெருப்பில்லாமலே நீர் மிகவும் சூடேறும், நெடியும் எழும். முகத்தை அருகே கொண்டு செல்லாமல், கரைசல் தெளிந்து இளஞ்சூடாகும் வரை ஆறவிடுக.

எண்ணெய்களை ஒன்றாய்க் கலந்து இளஞ்சூடாக்கி, அதில் காரக் கரைசலை நூல்போல் ஒழுகவிட்டு, ஒரே திசையில் விடாது கிளறுக. கையால் கிளறுவோர்க்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் ஆகலாம். கலவை கூழ்போல் தடித்து, துடுப்பிலிருந்து வீழும் சொட்டு உடனே அமிழாமல் மேலே சற்றுக் கோடிட்டு நிற்கும் நிலையே பதம். அப்போது பிளாஸ்டிக் தாள் விரித்த மரப்பெட்டியில் வார்த்து, சாக்கினால் மூடி வைக்க வேண்டும். இரண்டு நாட்களில் இறுகியபின், கையுறையோடு எடுத்துத் துண்டங்களாய் அறுத்து, காற்றுப்படும் நிழலில் ஒன்றையொன்று தொடாதபடி அடுக்குக.

நான்கு வாரம் கழியுமுன் இதனைப் பயன்படுத்த அவசரப்பட வேண்டாம். கட்டியின் உள்ளே திரவம் தேங்கியோ, வெட்டுவாயில் நீர் கசிந்தோ, எரிகார மணிகள் தென்பட்டோ இருந்தால் அதனைத் துணிக்கும் கைக்கும் உபயோகிக்கலாகாது. அத்தகைய கட்டியை நாவில் வைத்துப் பார்ப்பதும் தவறு.

அபாயம் நேரின்

எரிகாரமோ அதன் கரைசலோ உடலிற் பட்டால், பட்ட துணியை உடனே களைந்து, ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுக. எலுமிச்சஞ்சாறு, காடி முதலியவற்றைப் புண்ணில் ஊற்ற வேண்டாம். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து நீரால் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யலாகாது. அது தொண்டையை இரண்டாம் முறையும் சுடும். வாயைக் கழுவி உடனே வைத்தியரிடம் சேர்ப்பிக்க வேண்டும். மிஞ்சிய எரிகாரத்தைக் குடிநீர்ப் புட்டியிலோ சமையற் டப்பாவிலோ வைப்பது பெருந்தவறு. பெயர் எழுதிய தனி டப்பாவில் இறுக மூடி, பூட்டி வைக்க வேண்டும்.

உபயோகிக்கும் விதம்

கிணற்று நீர் உப்பாயும் கடினமாயும் உள்ள ஊர்களில், நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சவர்க்காரத்தோடு சேர்ந்து திரிதிரியாய்த் துணியில் படியும், சவர்க்காரமும் வீணாகும். இதற்குப் பரிகாரம், ஒரு வாளி நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவை முன்னதாகக் கரைத்து வைத்து, பின்னர் சவர்க்காரம் போடுதலாம். தூளாக வேண்டுவோர், நன்கு உலர்ந்த கட்டியைத் துருவி, சம நிறை சலவைச் சோடாவோடு கலந்து டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். கடைகளில் விற்கும் செயற்கைச் சலவைத் தூள் வேறு வகையைச் சார்ந்தது. சலவை இயந்திரத்திற்கு அதுவே ஏற்றது. பட்டுக்கும் கம்பளிக்கும் காரம் ஆகாது. அவற்றிற்குப் பூந்திக்கொட்டை நீரே உத்தமம். ஆனால் அந்த நீர் மீன்களுக்கு நஞ்சாகையால், அதைக் குளத்தில் கொட்டக் கூடாது. சோடா கலந்த கழிவு நீரைக் காய்கறிப் பாத்திகளுக்கு நாள்தோறும் பாய்ச்சினால், உவர் நிலத்தை நாமே உண்டாக்கியவர் ஆவோம்.

லாப நஷ்டக் கணக்கு

மேற்கண்ட அளவுக்கு, உலர்ந்தபின் ஏறக்குறைய 1,300 கிராம் சவர்க்காரம், அதாவது 100 கிராம் கட்டிகள் 13 கிடைக்கும். எண்ணெய், எரிகாரம் ஆகிய இரண்டின் விலையையும் கூட்டி 13ஆல் வகுத்து, அதே நிறையுள்ள கடைக் கட்டியின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தொடங்குக. தேங்காய் எண்ணெய் முழுவதையும் கடையில் விலை கொடுத்து வாங்குவோர்க்கு இதில் லாபமில்லை, நஷ்டமும் வரலாம். சொந்தத் தென்னையும், பொறுக்கி எடுக்கக்கூடிய புங்க விதையும் உள்ளவர்களுக்கே இது மிச்சம் தரும்.

கோடையில் முற்றிய புங்கங் காய்களைச் சேகரித்து, உலர்த்தி, தோல் நீக்கி ஆட்டினால் நான்கு கிலோ பருப்புக்குச் சுமார் ஒரு கிலோ எண்ணெய் காணும். எஞ்சும் பிண்ணாக்கு கால்நடைத் தீவனத்திற்கு உதவாது. எனினும் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பங்கு தழைச்சத்துள்ள நல்ல எருவாகும். ஆகவே எண்ணெய் வீட்டிற்கும், பிண்ணாக்கு நெல் வயலுக்கும் ஆகும். பிண்ணாக்கின் மதிப்பையும் கணக்கில் வரவு வைக்க மறக்கலாகாது.

தனித்தனியே முயல்வதைவிட, நாலைந்து குடும்பத்தார் சேர்ந்து ஒரு தராசும் ஒரு செட்டுப் பாத்திரமும் கையுறைகளும் பொதுவில் வாங்கி வைத்துக்கொண்டு, மாதத்தில் ஒருநாள் கூடிச் செய்வது செலவுக்கும் பாதுகாப்புக்கும் நல்லது. முதல் தடவை ஒரு கிலோ எண்ணெய்க்கு மேல் எடுக்க வேண்டாம். செய்து பார்த்துப் பயன் கண்டவர்கள் அண்டை வீட்டாருக்கும் எடுத்துக் கூறுவார்களாக. கூறும்போது அளவைத் தம்ளரில் சொல்லாமல் கிராமிலேயே சொல்வார்களாக.